அண்டாவுக்கு ஒரு அறை

போன வாரம் கண்டனூரில் ஒரு கல்யாண வீட்டில் பாடிவிட்டு வந்தேன். இனி அந்தத் தெருவில் என்னை யாரும் பாடக் கூப்பிடப் போவதில்லை என்று நினைக்கிறேன். போகட்டும். பாட்டு நன்றாக இருந்தது.

என்ன நடந்தது என்று சொல்வதற்கு முன்னால், நீங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். "சார், கிடாரைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிறீர்களே... இந்தப் பாட்டெல்லாம் எங்கிருந்து வருகிறது? எதுதான் இன்ஸ்பிரேஷன்?"

மழை, நிலா, முதல் காதல் என்று ஏதாவது சொன்னால் கேட்பவர்களுக்குச் சந்தோஷம். எனக்கும் வேலை மிச்சம். ஆனால் அது பொய். மழையில் நனைந்தால் எனக்கு ஜலதோஷம்தான் வரும், பாட்டு வராது.

யாராவது "கூடாது" என்று சொல்ல வேண்டும். அப்போதுதான் வரும்.

பிள்ளையார்பட்டியில் ஒரு லாட்ஜ். "தனி ஆளுக்கு ரூம் கொடுக்கக் கூடாதுன்னு ஓனர் சொல்லியிருக்காரு. ஃபேமிலிக்கு மட்டும்தான்" என்றார் மேனேஜர். "நான் தனி ஆள் இல்லை, கிடார் இருக்கிறது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நீங்கள் விரும்பிக் கேட்கும் 'ஒத்தை ஆளு' பாட்டு, அந்த லாட்ஜ் வாசற்படியில் உட்கார்ந்து எழுதியது.

அரியக்குடியில் பஸ் ஏறினேன். "இத உள்ள கொண்டாரக் கூடாதுங்க, எல்லாரையும் இடிக்கும். மேல போட்டுக் கட்டுங்க" என்றார் கண்டக்டர். கிடாரையா? மேலேயா? அதை மார்போடு அணைத்துக்கொண்டு காரைக்குடி வரை நின்றபடியே வந்தேன். இறங்குவதற்குள் நாலு வரி தயார். கோபம் மட்டும் இறங்கவில்லை.

ஆக, என் பாட்டுகளின் அப்பா அம்மா யாரென்று கேட்டால்... யாரோ ஒரு மேனேஜர், யாரோ ஒரு கண்டக்டர். அண்டாப் பாட்டின் கதை மட்டும் கொஞ்சம் பெரிது. அது இந்தக் கண்டனூர் வீட்டில் பிறந்தது.

சில வருஷங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் ஒரு கல்யாணம். வீட்டுக்காரர் நாச்சியப்ப அண்ணன், சென்னையில் டைல்ஸ் பிசினஸ் செய்பவர். அவருடைய மூத்த மகனுக்குக் கல்யாணம். பாட நான் போயிருந்தேன்.

அந்த வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். நடுவில் திறந்த முற்றம்; அதைச் சுற்றி வரிசையாக அறைகள். அந்த இடத்துக்கு வளவு என்று பெயர். ஒவ்வொரு அறையும் ஒரு பங்காளிக்கு. வருஷம் பூரா பூட்டுத் தொங்கும். கல்யாணம் என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அவரவர் சாவியோடு வந்து, அவரவர் அறையைத் திறந்து, பெட்டியை வைப்பார்கள்.

அறை மகன்களுக்கு மட்டும். மகள்களுக்கு?

மகள்களுக்குச் சாமான். அண்டா முதல் ஆழாக்கு வரை, கல்யாணத்தன்று பரப்பி வைத்தால் ஒரு பாத்திரக் கடையே திறந்த மாதிரி இருக்கும். அறை மட்டும் கிடையாது.

பாட்டுக்காரனுக்கும் கிடையாது. சட்டை மாற்ற இடம் தேடி பின்கட்டு வரைக்கும் போனேன். ஒரு கதவு ஒருக்களித்துக் கிடந்தது. தள்ளப் போனேன்.

"இருங்க! ஆள் இருக்கு!"

கொஞ்ச நேரத்தில் பட்டுப்புடவையும் வாயில் கொண்டை ஊசியுமாக ஒருவர் வெளியே வந்தார். உமையாள் ஆச்சி. நாச்சியப்ப அண்ணனின் கூடப் பிறந்த தங்கை. கோயம்புத்தூரில் ஆடிட்டர். (ஆச்சி என்றதும் நரைத்த தலையை நினைக்காதீர்கள். இவர்கள் வழக்கத்தில் கல்யாணமான பெண் என்றாலே ஆச்சிதான்; அப்பா என்றால் அப்பச்சி. இவருக்கு என்னைவிட ரெண்டு மூணு வயது கூட இருக்கலாம்.)

அவருக்குப் பின்னால் அறை முழுக்கப் பாத்திரங்கள். தரையிலிருந்து உத்தரம் வரைக்கும்.

"ரூம்ல மாத்திக்கிறலாமே ஆச்சி, இங்க எதுக்கு?" என்றேன்.

"எனக்கு எங்ஙன ரூம் இருக்கு? நான் பொம்பளப் புள்ளயில்ல?" என்றவர், உள்ளே ஒரு பெரிய பித்தளை அண்டாவைக் காட்டினார். "அதுல என் பேரு வெட்டியிருக்கு, பாருங்க. அப்பச்சி என் கல்யாணத்துக்குக் குடுத்தது. என் ஃப்ளாட்டுல இத வச்சா நாங்க வெளியதான் நிக்கணும். அதுனால இங்ஙனயே கெடக்கு."

கொண்டை ஊசியைச் செருகிக்கொண்டே சொன்னார்: "என் அண்டாவுக்கு இந்த வீட்ல ரூம் இருக்கு தம்பி. எனக்குத்தான் இல்ல."

சொல்லிவிட்டு அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பற்றிக்கொண்டு வந்தது.

"கேட்டுப் பாத்தீகளா ஆச்சி?"

"கேக்காம? கல்யாணத்துக்குக் கல்யாணம் கேக்குறேன். 'பாப்போம் பாப்போம்'கிறாக. சட்டப்படி எனக்கும் பங்கு இருக்கு. கேஸ் போட்டா ஜெயிச்சுருவேன். ஜெயிச்சு? மறு கல்யாணத்துக்கு எனக்குப் பத்திரிகை வராது. எனக்கு ரூமும் வேணும், எங்க அண்ணனும் வேணும். இதுல, வெளிய யார்ட்டயும் பேசக் கூடாதுன்னு அண்ணன் உத்தரவு வேற."

கூடாது!

ஊர் திரும்பும் பஸ்ஸிலேயே பல்லவி வந்துவிட்டது.

அண்டாவுக்கு அறை இருக்கு
ஆட்டுக்கல்லுக்கு மூலை இருக்கு
பொறந்த பொண்ணு வந்து நின்னா
பூட்டு மட்டும் தொங்குது...

முதலில் அவருக்குத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பேரைப் போடாமப் பாடுங்க" என்று பதில் வந்தது. சரணங்களைப் பிறகு எழுதிச் சேர்த்தேன். பாட ஆரம்பித்தேன்.

காரைக்குடியில் ஒரு பழைய வீட்டை ஹோட்டலாக்கியிருந்தார்கள். அங்கே பாடினேன். மேனேஜர் ஓடி வந்தார். "சார், டூரிஸ்ட்டுக்கு இதெல்லாம் செட் ஆகாது. தூண், கதவு, கண்ணாடி... இந்த மாதிரி அழகா ஏதாவது பாடுங்களேன்." தூணைப் பற்றிச் சொல்ல உங்களிடம் பிரோஷர் இருக்கிறதே சார், நான் எதற்கு? அடுத்த பாட்டாக அதையே இன்னொரு தடவை பாடினேன்.

யாரோ வீடியோ எடுத்துப் போட, அது சுற்ற ஆரம்பித்தது. ஆச்சிமார்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டார்கள். "எங்க வீட்டுக் கதையக் கேட்டு எழுதுனீகளா?" என்று எந்தெந்த ஊரிலிருந்தோ மெசேஜ். எந்த வீடு என்று நான் சொல்லவே இல்லை. எல்லாருமே அவரவர் வீட்டைத்தான் நினைத்திருக்கிறார்கள்.

நாச்சியப்ப அண்ணனும்தான்.

போன மாதம் அவரிடமிருந்து போன். "தம்பி, சின்னவனுக்குக் கல்யாணம். உங்க பாட்டுத்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். வாரீகளா? ஒண்ணே ஒண்ணு... அந்த அண்டாப் பாட்டு மட்டும் வேணாம். சம்பந்தி வீட்டுக்காரக எல்லாம் இருப்பாக."

"நானாப் பாட மாட்டேண்ணே. யாராவது கேட்டாப் பாடுவேன்."

"எங்க வீட்ல யாரு கேக்கப் போறா?" என்று சிரித்தபடி வைத்துவிட்டார்.

எனக்கு இந்தத் தைரியம் எப்போதுமே ஆச்சரியம். பூட்டிய வீட்டுக்குள் சத்தமே இல்லை என்றால், உள்ளே எல்லாரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்றா அர்த்தம்?

கல்யாணத்தன்று மத்தியானம். விருந்து முடிந்து வளவில் ஜமுக்காளம் விரித்துச் சொந்தமெல்லாம் உட்கார்ந்திருந்தது. காபி வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் மணப்பெண்ணுக்கு வந்த புதுச் சாமான்கள் பளபளவென்று பரப்பியிருந்தன. நான் பஸ் பாட்டு பாடினேன். 'ஒத்தை ஆளு' பாடினேன். மாப்பிள்ளைப் பையன் கூடவே பாடினான். நாச்சியப்ப அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்.

"தம்பி, அந்த அண்டாப் பாட்டப் பாடுங்க."

உமையாள் ஆச்சி.

அண்ணன் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னார். நானும் தயங்கினேன். இந்தப் பாட்டைப் பாடிவிட்டு நான் அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவேன். அந்த வீட்டுப் படியை மறுபடி மிதிக்க வேண்டியவர் இந்த ஆச்சி. எந்த அண்ணன் வேண்டும் என்று சொன்னாரோ, அந்த அண்ணனை இழக்கப் போகிறவரும் அவர்தான்.

ஆனால் கேட்பதும் அவர்தானே? அவர் பயப்படாதபோது அவருக்காக நான் எதற்குப் பயப்பட வேண்டும்? கிடாரை எடுத்தேன்.

பல்லவிக்கே ஒரு சின்னச் சலசலப்பு. முதல் சரணத்துக்கு யாரோ ஒரு அத்தை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கடைசிச் சரணத்துக்கு வந்தேன். எங்கே பாடினாலும் கைக்குட்டையை எடுக்க வைக்கும் இடம் அது.

வாசல்ல நின்னு அழுதாளே
வந்த வழியே போனாளே...

"நிறுத்துங்க தம்பி."

நிறுத்தினேன்.

"நான் எப்ப அழுதேன்?" என்றார் உமையாள் ஆச்சி. எழுந்தே நின்றுவிட்டார்.

பெயர் போடாமல் பாடச் சொன்னவர், இப்போது அத்தனை பேர் முன்னால் தானாகவே பெயரைப் போட்டுக்கொண்டார்.

நான் சமாளித்தேன். "இல்ல ஆச்சி... பாட்டு முடியிறப்ப கொஞ்சம் கண்ணீர் இருந்தாத்தான்..."

"வேணும்னா உங்க கண்ணீரை ஊத்துங்க. என் கண்ணீரை எதுக்கு எடுக்குறீக? நான் அழுகவுமில்ல, வந்த வழியே போகவுமில்ல. சாவி கேட்டேன். இன்னமும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அதப் பாடுங்க."

ஒரு பாட்டுக்காரனுக்கு இதைவிட என்ன அவமானம் வேண்டும்? இதைவிட என்ன இன்ஸ்பிரேஷன் வேண்டும்? அங்கேயே மாற்றினேன்.

வாசல்ல நின்னு கேட்டாளே
வச்ச சாவி எங்கேன்னு...

பாடி முடிக்கவில்லை, அந்த அத்தை கைதட்டினார். அடுத்து இன்னொருவர். அந்த வீட்டில் பிறந்த பெண்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். மணப்பெண்ணின் அம்மா மட்டும் கைதட்டாமல், தன் மகளுக்குப் பரப்பி வைத்திருந்த சாமான்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நாச்சியப்ப அண்ணனின் மனைவி விசாலாட்சி ஆச்சி எழுந்து வந்தார். இடுப்பிலிருந்து சாவிக்கொத்தை எடுத்தார். சாமான் அறைச் சாவியைப் பிரித்து நாத்தனார் கையில் வைத்தார்.

"என்ன பண்ற நீ?" என்றார் அண்ணன்.

"எனக்கும் எங்க அப்பச்சி வீட்ல ரூம் இல்லைங்க" என்றார் விசாலாட்சி ஆச்சி. அவ்வளவுதான் சொன்னார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றும் சத்தமாகப் பேசவில்லை.

அப்புறம் வளவே அதிர்ந்தது. பின்கட்டிலிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தன. குடம், தவலை, சருவம், அடுக்கு. பெரிய அண்டாவைப் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளையே உருட்டி வந்தான். உமையாள் ஆச்சி தன் சூட்கேஸை உள்ளே கொண்டுபோய் வைத்தார். கைப்பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்தார். கவர் பிரிக்காத புதுப் பூட்டு! கோயம்புத்தூரிலிருந்து வரும்போதே வாங்கி வந்திருக்கிறார். என் பாட்டுத்தான் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது என்று ஐந்து நிமிஷம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் போயிற்று.

நாச்சியப்ப அண்ணன் வளவு நடுவில் பாத்திரங்களுக்கு மத்தியில் நின்றார். கோபமா, வெட்கமா என்று சொல்ல முடியாத முகம். கடைசியில் அவர் கேட்டது இதுதான்:

"ஏத்தா... இம்புட்டையும் எங்குட்டு வைக்கிறது?"

"உங்க ரூம்ல வைங்கண்ணே" என்றார் உமையாள் ஆச்சி. "உங்கள நம்பித்தானே இத்தன வருஷமா இங்ஙன வச்சிருக்கேன்."

பத்திரத்தில் எதுவும் மாறிவிடவில்லை. அது எனக்கும் தெரியும், ஆடிட்டருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் அவர் தன் அறையில் புடவை மாற்றிக்கொண்டார். நான் கிளம்பும்போது அண்ணனும் ரெண்டு ஆட்களுமாக அண்டாவை அண்ணன் அறை நிலைப்படியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "பைய, பைய... நசுங்கிறப் போகுது" என்று தங்கை பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் பையத்தான் தூக்கினார்.

வாசல் வரை வந்து என்னை வழியனுப்பியதும் அவர்தான். மரியாதையில் குறை வைக்கிற மனிதர் இல்லை. தாம்பூலப் பையைக் கையில் கொடுத்துவிட்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தம்பி, நடந்தது நடந்துபோச்சு. ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். இதையும் பாட்டா எழுதிறக் கூடாது."

பஸ் பிள்ளையார்பட்டியைத் தாண்டுவதற்குள் பல்லவி வந்துவிட்டது.

அண்ணே... அந்த வார்த்தையை மட்டும் நீங்கள் சொல்லியிருக்க வேண்டாம்.