இரண்டு வீட்டு விசுவாசம்

ஆரணியில் பட்டு முதலாளிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்து வந்த அம்மணிக்கு இடது கால் சூம்பிப்போயிருந்தது. ராட்டையின் முன் உட்கார்ந்துவிட்டால் அது தெரியாது. தறிக்கு வேண்டிய ஊடு நூலைச் சின்னக் குழல்களில் சுற்றுவதுதான் வேலை. சுற்றும்போது இயேசுவோடு பேசிக்கொண்டே இருப்பாள். நூல் அறுந்தால் அவரிடம் சொல்வாள். அண்ணி முகம் கொடுக்காவிட்டால் அதையும் சொல்வாள். அவர் கடவுளா, கடவுளின் மகனா என்று அவள் யோசித்ததே இல்லை.

அப்பா சுப்பன் மதம் மாறியும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர். அவர் செத்த பிறகும் அண்ணன் ராஜவேலுவும் தம்பி ஜெயச்சந்திரனும் ஒரே வீட்டில்தான் குடும்பம் நடத்தினார்கள். அண்ணன் சபையில் மூப்பர். தம்பி மெக்கானிக் வேலை பழக வேலூருக்குப் போனவன், எழுபத்தி நாலில் வேறொரு கிறிஸ்தவக் கூட்டத்தாரின் நம்பிக்கையோடு திரும்பி வந்தான்.

அந்தக் கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டுக்கு முன் ராஜவேலு ஜெபம் செய்தார். “இயேசுவாகிய எங்கள் தேவனே” என்று அவர் தொடங்கியதுமே தம்பி கண்ணைத் திறந்தான்.

“அவரு தேவன் இல்லண்ணா. தேவனோட குமாரன். அவரையும் தேவன்தான் படைச்சாரு.”

“தானும் பிதாவும் ஒண்ணுன்னு அவரே சொன்னாரே, அது பொய்யா?”

“பிதா தன்னவிடப் பெரியவருன்னும் அவருதான சொன்னாரு? சிலுவைல தொங்கிகினு யாரக் கூப்ட்டாரு? தன்னையே கூப்ட்டுகினாரா?”

ராஜவேலு எழுந்து வந்து தம்பியின் தட்டை எட்டி உதைத்தார். கறிக்குழம்பு சுவரெல்லாம் தெறித்தது. பொங்கலுக்குள் வீட்டின் நடுவில் சுவர் எழும்பிவிட்டது.

அம்மணி யார் பக்கம் என்று ஒருவரும் பேசவில்லை. பகலில் அண்ணன் அடுப்பு, ராத்திரி தம்பி அடுப்பு என்று தானாகவே ஆகிப்போனது.

ஒருநாள் சோற்றில் கைவைக்கப் போனவளை அண்ணன் தடுத்தார். “சொல்லிட்டுத் துன்னு. இயேசு யாரு?”

“சாமி.”

“அப்டி இல்ல. இயேசுவே தேவன்னு முழுசா சொல்லு.”

சொன்னாள். சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்க வேண்டும். இரவு தம்பி தட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு சிரித்தான். “அக்கா, இயேசு தேவன் இல்லன்னு சொல்லு, பாப்போம்.” அதையும் சொன்னாள். கொஞ்ச நாளில் இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாகிவிட்டது. அவள் நொண்டிக்கொண்டு கடக்கும்போதெல்லாம், “அத்த, சொல்லு, சொல்லு” என்று வழி மறித்தார்கள்.

ராட்டையின் முன் உட்கார்ந்து பழையபடி பேச வாயெடுத்தாள். யாரைக் கூப்பிடுகிறோம் என்று சந்தேகம் வந்தது. ஒரு விதமாகக் கூப்பிட்டால் அண்ணன் முகம் வந்து நின்றது. வேறு விதமாகக் கூப்பிட்டால் தம்பி. பேச்சை விட்டுவிட்டாள்.

எழுபத்தி எட்டில் கண்ணமங்கலத்துத் தையற்காரர் தருமன் அவளைப் பெண் கேட்டு வந்தார். மனைவியை இழந்தவர். “கால் கெடக்கட்டும்ங்க, மிஷின் மிதிக்க நான் இருக்கேன்” என்றார். அன்று அம்மணி சிரித்ததைக் கண்டு அண்ணி குணசுந்தரியே திகைத்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அவர்கள் கல்யாணத்தை அறிவிக்கும் ஓலையை வாசித்தார்கள். ஆட்சேபணை உண்டா என்று போதகர் கேட்டார். கோயில் பக்கமே தலைகாட்டாத ஜெயச்சந்திரன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

“எங்க அக்கா இயேசு தேவன் இல்லன்னு தினமும் எங்க வூட்ல சொல்லுது. உங்க மூப்பரு தங்கச்சிதான். கேளுங்க.”

அவனுக்கு அண்ணனை அவமானப்படுத்த வேண்டும். வேறொன்றும் இல்லை. ராஜவேலு அம்மணியின் கையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார். “பொய்யின்னு சொல்லுடி!”

“சொன்னியாம்மா?” என்றார் போதகர்.

அம்மணி தருமனைப் பார்த்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெண்டும் சொன்னேங்க. சொன்னாத்தான் சோறு போட்டாங்க.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு கோயிலே சிரித்தது. உபதேசம் படித்து முடிக்கும்வரை கல்யாணம் இல்லை என்றார் போதகர். “நாக்கு ரெண்டு இருக்கறவள எப்டி வூட்டுக்குக் கூட்டிகினு போறது?” என்று தருமனின் அக்கா எல்லோரும் கேட்கச் சொன்னாள். தருமன் செருப்பை மாட்டிக்கொண்டு போனவர்தான், திரும்பி வரவில்லை.

அன்றைக்கு இரண்டு அடுப்பும் அவளுக்கு அணைந்தன. மாட்டுக்கொட்டகையில் மூன்று கல் வைத்துத் தானே பொங்கிக்கொண்டாள்.

எண்பத்தி மூன்றில் ராஜவேலுவின் மகளுக்கு நல்ல வரன் வந்தது. ஜெயச்சந்திரனுடைய மச்சான், மின்வாரியத்தில் வேலை. வரன் வந்ததும் பேச்சும் வந்தது; சுவரில் வாசல் திறந்தது. கல்யாணத்தில் அண்ணனும் தம்பியும் தோளில் கைபோட்டுக்கொண்டு பந்தி விசாரித்தார்கள். அம்மணி அவர்கள் எதிரில் போய் நின்றாள்.

“அண்ணா, அப்ப யாரு சொன்னது நெசம்?”

“இன்னாது?”

“இயேசு தேவனா, இல்லியா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தம்பிதான் முதலில் சிரித்தான். ராஜவேலு அவள் முதுகில் தட்டினார். “அதெல்லாம் இப்ப இன்னாத்துக்கு? நல்ல நாளும் அதுவுமா! போ, கடைசிப் பந்தில ஒக்காரு.”

அவள் உட்காரவில்லை. சம்பந்தம் என்கிற பட்டு முதலாளியின் தறிக்கொட்டகைக்கு நடந்து போய், இனி அங்கேயே படுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவர் சரியென்றார். அங்கேயும் தறி ஓசைக்கு நடுவே, ராட்டையின் முன் பழையபடி அவள் வாய் அசைந்து யாரும் பார்த்ததில்லை.