சிவப்புத் தடியும் ஒரு கதிரையும்

விசுவமடுவில் வடிவம்மாவின் முழங்கால்களைப் பற்றி ஒரு பகிடி உண்டு. கிறிஸ்தவ வேதக்காரியாகப் பிறந்திருந்தால் இவ்வளவு முழங்காலிட்டதற்கு நேரே மோட்சம் கிடைத்திருக்கும் என்பார்கள். அவர் முழங்காலிட்டது எட்டு வருடம் மிதிவெடிக்கும் ஆறு வருடம் மரக்கன்றுக்கும். இரண்டுமே மோட்சத்துக்கு ஆள் எடுக்கிற வேலை அல்ல.

மிதிவெடி வேலை 2010இல் தொடங்கியது. போர் முடிந்து முகாமிலிருந்து வந்து தறப்பாள் கொட்டிலில் இருந்த காலம். வேறு வேலையும் இல்லை. ஒரு மீற்றர் அகலப் பாதையில் முழங்காலில் இருந்து மண்ணை விரல் அளவு விரல் அளவாக வாரிப் பார்க்க வேண்டும். பார்த்த இடத்தில் வெள்ளைத் தடி. பார்க்காத இடத்தில் சிவப்புத் தடி. இந்த இரண்டு நிறத்தையும் வன்னியில் எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் தெரியும். வடிவம்மா ஒரு நாளும் அவசரப்படவில்லை. மேற்பார்வையாளர் பின்னேரத்தில் "இண்டைக்கு எத்தினை மீற்றர்?" என்று கேட்டால், "பாத்து முடிஞ்ச அளவு" என்பார். அந்தப் பதிலை எழுத அவர்களின் படிவத்தில் இடம் இருக்கவில்லை.

மிதிவெடி அகற்றும் நிறுவனம் ஆட்களைக் குறைத்தபோது அவருக்குச் சட்டம் போட்ட ஒரு சான்றிதழும் ஒரு பயணப் பையும் கொடுத்து அனுப்பினார்கள். பயணம் போக இடம் இல்லாததால் பையில் நெல் கட்டி வைத்தார். பிறகு, கூட வேலை செய்த ராஜினியோடு அரச நாற்றுமேடையில் நாட்கூலிக்குச் சேர்ந்தார். அங்கேயும் முழங்கால்தான்.

பாலை, வீரை, முதிரை, நாவல், மருது என்று காட்டு மரங்களின் விதையை முளைக்க வைப்பதை அவருக்கு யாரும் படிப்பிக்கவில்லை. எந்த விதையை ஊறப் போடுவது, எதன் கோதை உடைப்பது, எதைச் சும்மா விட்டுவிடுவது என்று செய்து பார்த்து, பிழைத்துப் பார்த்து அறிந்தார். பாலைக்கன்று ஒரு வருடத்தில் ஒரு சாண் வளர்ந்தால் பெரிய காரியம். அரச கந்தோருக்குப் போன கடிதம் மாதிரி, அசைகிறது என்று நம்பித்தான் இருக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் மேலிடத்துக்கு ஞானம் வந்தது. நெடுங்காலம் தேக்கு நடு, தேக்கு நடு என்று சொன்ன வாய், இனிச் சுதேச மரம் நடு என்றது. அரச காணிகளில் பழைய காட்டைத் திரும்ப வளர்க்க நிதி வந்தது. மருதமுறிப்புக் குளத்துக்கு மேலே மொட்டையாகக் கிடந்த ஆறு ஏக்கர் தெரிவானது. இரண்டாயிரத்து நானூறு கன்றுகள். ஒரு வருடம் கழித்து எண்ணும்போது ஆயிரத்து எண்ணூறாவது உயிரோடு இருந்தால்தான் இரண்டாம் வருடத்துக்கு நிதி வரும்.

திட்டக் கடிதத்தில் பெயர்ப்பலகைக்குக் காசு இருந்தது. தொப்பிக்கு இருந்தது. திறப்புவிழாச் சிற்றுண்டிக்கு இருந்தது. வேலிக்கு இல்லை. இயற்கைக் காட்டுக்கு வேலி பொருந்தாது என்று யாரோ ஒருவர் மாடு போகாத இடத்திலிருந்து எழுதியிருந்தார்.

வடிவம்மாவின் கண் நின்றது கடைசிப் பக்கத்தில். இரண்டாம் வருடம்: தண்ணீர் பவுசர் வண்டி, காவலாளி ஒருவர், அவர் உட்காரக் கதிரை ஒன்று, குடை ஒன்று.

"ராஜினி, இஞ்ச பார். கதிரை போட்டிருக்கு."

"அது காவலாளிக்கு அக்கா."

"அந்தக் காவலாளி நான்தான். பதின்மூண்டு வருசம் முழங்காலில நிண்டிட்டன். அரசாங்கம் எனக்கு ஒரு கதிரை தரட்டும்."

2023 மாரியில் நடுகை நடந்தது. பிரதம விருந்தினர் ஒரு பாலைக்கன்றைப் பொலித்தீன் பையோடேயே குழிக்குள் வைத்து மண் தள்ளினார். எல்லோரும் கைதட்டினார்கள். வாகனங்கள் போனபிறகு வடிவம்மா அதைத் தோண்டி எடுத்து, பையைக் கிழித்து, திரும்ப நட்டார்.

ஒவ்வொரு கன்றுக்கும் பக்கத்தில் இடுப்புயரத் தடி ஒன்று ஊன்ற வேண்டும் என்பது விதி. எண்ணுபவருக்குத் தூரத்திலேயே தெரிய வேண்டுமாம். தடியின் நுனிக்குப் பெயின்ற் பூசவும் சொல்லியிருந்தார்கள். என்ன நிறம் என்று சொல்லவில்லை. நாற்றுமேடைக் களஞ்சியத்தில் கிடந்தது சிவப்பு. வடிவம்மா அதைப் பூசினார். கை பழகினபடி, நூல் பிடித்து, வரிசை வரிசையாக, முழங்காலில் இருந்து ஊன்றினார். முடித்து எழுந்து பார்த்தபோது ராஜினிதான் முதலில் வாயைத் திறந்தார்.

"அக்கா, இது பாக்க என்ன மாதிரிக் கிடக்கு தெரியுமோ?"

"தெரியும். பெயின்ற் முடிஞ்சுது. இனி என்ன செய்ய?"

அடுத்த கிழமை வீரகத்தி மாடுகளோடு வந்தார். அறுபத்தைந்து வயது. குளத்தடிப் புல் தன் பூட்டன் சீதனமாக வாங்கியது என்கிற மாதிரி மேய்க்கிறவர். சிவப்புத் தடிகளைக் கண்டதும் கம்பைக் குறுக்கே பிடித்து முன்மாட்டை மறித்தார்.

"வடிவு! உதுக்குள்ள இன்னும் வெடி கிடக்கோ?"

வடிவம்மா சாய்ந்திருந்த ஒரு தடியை நிமிர்த்தினார். பிறகு சொன்னார்: "மாட்டை உள்ளுக்கு விடாதேங்கோ அண்ணை."

வீரகத்தி மாடுகளைத் திருப்பிக் குளக்கட்டால் சுற்றி ஒரு கட்டை, முழுசாக ஒரு மைல் தூரம், நடத்திக்கொண்டு போனார்.

"அக்கா, இது பொய்" என்றார் ராஜினி.

"நான் என்ன பொய் சொன்னனான்? மாட்டை விடாதேங்கோ எண்டனான். விடக் கூடாதுதானே?"

அந்தக் காணியில் மிதிவெடி இல்லை என்பது வடிவம்மாவை விட வேறு யாருக்கும் நன்றாகத் தெரியாது. 2012இல் அதை விரல் அளவாக வாரிப் பார்த்த ஆட்களில் அவரும் ஒருவர். இருந்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஒரு வருடம் முழுக்க ஒரு குளம்பு உள்ளே படவில்லை. விறகுக்காரர் வரவில்லை. சாராயப் போத்தலோடு மறைவு தேடுகிறவர்களும் வரவில்லை. கோடையில், முதல் வருட நிதியில் வந்த பவுசர்த் தண்ணீரை வாளியில் சுமந்து ஊற்றினார்கள். கன்றுகள் நின்றன.

ஒக்டோபரில் எண்ண வந்தார் குகதாசன். வவுனியாவிலிருந்து வந்த உத்தியோகத்தர், ஐம்பது வயது, சப்பாத்து மினுங்கியது. ஜீப்பின் கதவைத் திறந்தார். ஒரு காலை நிலத்தில் வைத்தார். தடிகளைக் கண்டார். வைத்த காலைத் திருப்பி எடுத்துக்கொண்டார்.

"அம்மா, இது துப்புரவாக்கின காணி எண்டெல்லோ கடிதத்தில கிடக்கு?"

"ஓம் சேர். துப்புரவாக்கினதிலை நானும் ஒரு ஆள்."

"அப்ப இதென்ன சிவப்பு?"

"கன்றுக்கு அடையாளம். கடிதத்தில நிறம் போடேல்லை."

"எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் அம்மா."

"எனக்கும் ரெண்டு கால் இருக்கு சேர்" என்று சொல்லி வடிவம்மா உள்ளே இறங்கி, இரண்டு வரிசைக்கு நடுவில் நின்று குதித்துக் காட்டினார். ஐம்பத்தாறு வயதுப் பெண் குதிப்பதை ஜீப் சாரதி ஆர்வமாகப் பார்த்தார். குகதாசன் மசியவில்லை.

"நீங்கள் பழகின ஆள்."

"வெடிக்கு ஆள் பழக்கம் தெரியுமோ சேர்?"

அப்போது வீரகத்தியின் மாடுகள் தூரத்தில் குளக்கட்டால் வளைந்து போவது தெரிந்தது. குகதாசன் விரலை நீட்டினார். "அங்க பாருங்கோ. ஊர் மாடே இறங்குதில்லை. நான் இறங்கவோ? புதுச் சான்றிதழ் எடுங்கோ, எண்ணுவம்."

"அதுக்கு எவ்வளவு நாள் செல்லும்?"

"ஏழு, எட்டு மாசம். ஆனா இந்த மாசக் கடைசிக்குள்ள அறிக்கை போகாட்டி நிதி திறைசேரிக்குத் திரும்பிப் போயிடும்." வடிவம்மாவின் முகத்தைப் பார்த்து, கொஞ்சம் இரங்கினார். "சரி. வாற வியாழன் திரும்ப வாறன். ஊர் ஆள் ஒராள், உங்களை மாதிரி வேலை செய்த ஆளில்லை, சாதாரண ஆள் ஒராள் முன்னுக்கு நடந்தா நானும் பின்னுக்கு வாறன்."

இரண்டாம் கோடைக்குத் தண்ணீர் இல்லாவிட்டால் பாலை நிற்காது. இது வடிவம்மாவுக்குத் தெரியும். பாலை போனால் மற்றவையும் பின்னால் போகும். ஒரு சாண் வளர்ச்சிக்குப் பின்னால் இருந்த ஆறு வருடத்தை மாடு தின்றாலும் வெயில் தின்றாலும் கணக்கு ஒன்றுதான்.

ஊரில் வீரகத்தி நடந்தால் எல்லோரும் நம்புவார்கள். அன்று பின்னேரமே வடிவம்மா அவருடைய மாட்டுப்பட்டிக்குப் போனார். சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அண்ணை, அந்தக் காணிக்குள்ள ஒண்டுமில்லை. 2012இலேயே துப்புரவாக்கியாச்சு. நான் சொல்லாமல் விட்டது பிழை."

வீரகத்தி பால் கறந்துகொண்டிருந்தார். கறக்கிற கை நின்றது.

"அப்ப நான் ஒரு வருசமா ஒரு கட்டை சுத்திப் போனது?"

"சும்மாதான்."

"நாப்பது மாட்டோட?"

"நாப்பத்திரண்டு. நான் எண்ணினனான்."

வீரகத்தி சிரிக்கவில்லை. "2011இல என்ர செங்காரிப் பசு வெடியில கால் போய்க் கிடந்து கத்தினது உனக்குத் தெரியும். நீதானே தண்ணி கொண்டந்து பருக்கினனி. அதை வைச்சோ வடிவு என்னோட விளையாடினனி?"

வடிவம்மா பட்டி மணத்துக்குள் நின்றபடி நிலத்தைப் பார்த்தார். வெடி இல்லாத இடத்தில் சிவப்பு வைத்தால், நாளைக்கு வெடி இருக்கிற இடத்தில் வைத்த சிவப்பை மாட்டுக்காரன் மதிக்கமாட்டான். எட்டு வருடம் ஒவ்வொரு காலையும் நிறுவனம் சொல்லித்தந்த பாடம் அது. அவர்தான் ஒரு பேணி பெயின்றுக்காக மறந்திருந்தார்.

"உன்ர சேருக்கு ஆள் நடக்க வேணுமெல்லோ?" என்றார் வீரகத்தி. "வியாழன் விடியவே நாப்பத்திரண்டையும் உள்ளுக்கு இறக்கிறன். அதை விடத் திறமான சான்றிதழ் உன்ர கந்தோரில இருக்கோ?"

அது உண்மையில் திறமான சான்றிதழ்தான். காணி பாதுகாப்பானது என்று குகதாசன் உடனே நம்புவார். எண்ணுவதற்குக் கன்று மட்டும் இருக்காது.

வடிவம்மா அங்கே கிடந்த மரக்குற்றியில் இருந்தார். முழங்கால் இரண்டும் நொந்தன. அவற்றைத் தடவிக்கொண்டு கேட்டார்:

"அண்ணை, அரசாங்கச் சம்பளத்தில ஒரு கதிரை வேலை இருக்கு. செய்யிறியளோ?"

"என்ன வேலை?"

"மாடு வராமல் பாக்கிறது."

"ஆற்ற மாடு?"

"இந்தப் பக்கத்தில வேற ஆரிட்ட அண்ணை மாடு இருக்கு?"

வீரகத்தி கன்றை அவிழ்த்து விட்டார். அது தாயிடம் ஓடியது. "கதிரைக்குக் கைபிடி இருக்கோ?" என்று கேட்டார்.

"குடையும் இருக்கு."

வியாழனுக்குள் வடிவம்மாவும் ராஜினியும் தடிகள் எல்லாவற்றுக்கும் வெள்ளை பூசினார்கள். ஒவ்வொன்றாக, முழங்காலில் இருந்து. பெயின்ற் வடிவம்மா தன் காசில் வாங்கியது. 

குகதாசன் சொன்னபடி வந்தார். வீரகத்தி சலவை வேட்டியோடு முன்னால் நடந்தார். மாப்பிள்ளை நடை. குகதாசன் அவர் மிதித்த இடத்திலேயே மிதித்து, சப்பாத்தைத் தூக்கித் தூக்கி வைத்து, பின்னால் போனார். நாலாவது வரிசையில்தான் இயல்பாக நடக்கத் தொடங்கினார். இலை கொட்டின ஒரு பாலைக்கன்றுக்கு முன்னால் நின்று, "இது செத்துப் போச்சு" என்றார். வடிவம்மா குந்தி நகத்தால் பட்டையைக் கீறினார். உள்ளே பச்சை. குகதாசன் கணக்கில் ஒரு கோடு போட்டார். வடிவம்மா அடுத்ததிலும் கீறினார், பழுப்பு. "இது செத்ததுதான். போடாதேங்கோ" என்றார் வடிவம்மா. அதற்குப் பிறகு குகதாசன் அவர் சொன்னதையே எழுதினார்.

பின்னேரம் நாலு மணிக்கு எண்ணி முடிந்தது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறு.

காவலாளியின் பெயரை எழுதும் இடத்துக்கு வந்ததும் குகதாசன் பேனையை நிறுத்தினார். "நீங்கள் எண்டெல்லோ நினைச்சன். இவர் மாட்டுக்காரர் இல்லையோ அம்மா?"

"சேர், இந்தக் காணிக்கு இருக்கிற ஒரேயொரு அபாயம் இவர்தான். இவரைக் கதிரையில இருத்தினா வேற காவல் தேவையில்லை."

"மரியாதையாக் கதை வடிவு, நான் இப்ப அரச உத்தியோகத்தன்" என்றார் வீரகத்தி.

தை மாதம் நிதி வந்தது. கதிரையும் வந்தது, நீலப் பிளாஸ்ரிக், கைபிடியோடு. வீரகத்தி அதைப் பெயர்ப்பலகையின் நிழலில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய பலகைக்கு அந்த ஒரு பயன் இருந்தது. முதல் கிழமையே தன் சொந்த நாம்பன் மாடு ஒன்றைக் கழுத்தில் கயிறு போட்டு இழுத்துக்கொண்டு வந்து, "இது அத்துமீறி உள்ளுக்கு வந்தது. எழுது" என்று நின்றார்.

"ஆற்ற மாடு எண்டு எழுத?"

"ஆற்றயோ ஒரு விசரன்ர. மாட்டை ஒழுங்காப் பாக்கத் தெரியாதவன்."

வடிவம்மா இன்னமும் முழங்காலில்தான். பட்டுப்போன இடங்களுக்குப் புதுக் கன்று வைக்கிறார். ஆனால் நாற்பத்திரண்டு மாடுகளுக்கு ஒரு வருடப் பசி பாக்கி இருக்கிறது. ஒன்றைத் துரத்தி முடிக்க மற்றது தலை நீட்டும். வீரகத்தி கம்பும் தூசணமுமாகக் காணியின் ஓரத்தில் ஓடிக்கொண்டிருக்கிறார். காலையிலிருந்து மாலை வரை அவருக்குக் கதிரையில் இருக்க நேரம் கிடைப்பதில்லை.

கதிரை சும்மாதான் கிடக்கும். வடிவம்மா கையில் ஒட்டின மண்ணைத் தட்டிவிட்டு, போய் அதில் சாய்ந்து இருந்து, குடையை விரிப்பார்.

"அண்ணை, அங்க உங்கட கருவாலிப் பசு உள்ளுக்கு வருது!"

"கண்டிட்டன், கண்டிட்டன்!"