சேர்த்துக் கிழித்த தாள்

எங்கள் அப்பா டிரில் மாஸ்டர். கோணல் எதுவானாலும் பயிற்சியால் நிமிர்த்திவிடலாம் என்று நம்பிய மனிதர். ஐம்பதுகளின் கடைசியில் ஆலங்குடியில் இருந்தோம். பத்து வயதுத் தங்கைக்குக் கரும்பலகை தெரியவில்லை என்று டீச்சர் சொல்லியனுப்பியதால், அவளைப் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் கூட்டிப்போய்க் காட்டினார். கண்முழி உருண்டையாக இல்லாமல் நீளமாக வளர்ந்திருக்கிறது, கிட்டப்பார்வை, கண்ணாடி போட்டே ஆகவேண்டும் என்றார் டாக்டர்.

“கண்ணாடி போட்ட பொண்ண எவன் கட்டுவான்?” என்று அம்மா அழுதாள். அப்பா அழவில்லை. முழியைச் சுற்றி இருப்பது சதைதானே, அதை வேலை வாங்கினால் முழி தானாக உருண்டைக்கு வந்துவிடும் என்று முடிவு செய்தார். கெடுவும் வைத்தார்.

“தை பொறக்கறதுக்குள்ள சரியாகணும். இல்லேன்னா பள்ளிக்கூடம் கெடையாது.”

பள்ளிக்கூடம் என்றால் அவளுக்கு உயிர். காதால் கேட்டே வகுப்பில் முதலாக வந்தவள்.

மறுநாள் காலையிலிருந்து கொல்லையில் விசில் கேட்டது. வலம், இடம், மேல், கீழ். தலை அசையக் கூடாது, முழி மட்டும் ஓட வேண்டும். அசைந்தால் காதைத் திருகுவார். முடிந்ததும் கூடத்தின் ஒரு கோடியில் அவளை நிறுத்தி, மறுகோடிச் சுவரில் தொங்கிய காலண்டரைப் பிரம்பால் தொட்டு, “என்ன தெரியுது?” என்பார்.

அது தினம் ஒரு தாள் கிழிக்கிற காலண்டர். கிழிப்பது மூத்தவளான என் வேலை.

முதல் வாரம் தடுமாறினாள். பிறகு தினமும் சரியாகச் சொன்னாள். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கைக்கு மட்டும் தினம் ஓர் அவித்த முட்டை என்று உத்தரவானது.

இன்றைய தேதியைச் சொல்வதற்குக் கண் எதற்கு? எனக்கு உடனே புரிந்துவிட்டது. டிரில் மாஸ்டருக்கு மூன்று மாதமாகியும் புரியவில்லை. முட்டை வாசனை பொறுக்காத ஒரு மார்கழிக் காலையில், இரண்டு தாள்களைச் சேர்த்துக் கிழித்தேன்.

“பதினேழுப்பா.”

“நல்லாப் பாத்துச் சொல்லு.”

“பதினேழு.”

பிரம்பு பதினெட்டின் மேல் இருந்தது. அவள் அழ ஆரம்பித்தாள். “இன்னைக்குத் தேதி பதினேழுதானப்பா!”

அப்பாவுக்கு விளங்கச் சற்று நேரம் பிடித்தது. “நான் தேதியவா கேட்டேன்?” என்றார். பிறகு அதே பிரம்பால் அடித்தார். தை பிறக்கக்கூடக் காத்திருக்கவில்லை, அன்றோடு பள்ளிக்கூடம் நின்றது. மறுநாள் முட்டை எனக்கு வந்தது. ருசியாகவே இருந்தது.

கிட்டத்தில் உள்ளது நன்றாகத் தெரியுமே என்று அவளை அரிசியில் கல் பொறுக்க உட்கார வைத்தார்கள். நான் தினமும் பையோடு அவளைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போனேன். பயிற்சி சரியாகச் செய்யாததால்தான் முழி நீளமாகவே நின்றுவிட்டது என்று அவளே நம்பினாள். கண்ணாடி கடைசிவரை வாங்கவில்லை.

அறுபதுகளில் அவள் கல்யாணத்துக்கு முதல் நாள், நான் காலண்டர்ப் பக்கம் நின்றிருந்தேன். கூடத்தின் மறுகோடியிலிருந்து கேட்டாள்.

“அக்கா, அன்னைக்குத் தாளு ரெண்டும் ஒட்டிக்கிட்டு வந்துச்சா, நீயாக் கிழிச்சியா?”

“ஒட்டிக்கிட்டு வந்துச்சுடி” என்றேன். அவ்வளவு தூரத்தில் என் முகம் அவளுக்குத் தெரியாது என்ற தைரியம்.

அவள் நடந்து வந்தாள். என் முகத்துக்கு ஒரு சாண் கிட்டே வந்து நின்று, நிதானமாகப் பார்த்தாள். பிறகு திரும்பிப் போனாள்.