வேன் மாமா வீட்டுக்கு எதிரே ஒரு வட்டம்

கொரோனா ஊரடங்கு தொடங்கிய முதல் வாரமே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன்: எங்கள் லேன் ஆட்கள் எந்தச் சட்டத்துக்கும் அடங்குகிறவர்கள் இல்லை.

ஆதாரம் இல்லாமல் சொல்லவில்லை. காலியான கேஸ் சிலிண்டர் ஒன்று எங்கள் லேனில் இருந்தது. யாருக்கு வெளியே போக வேண்டுமானாலும் அதை த்ரீவீலரின் பின்சீட்டில் ஏற்றிக்கொள்வார்கள். பொலிஸ் மறித்தால் சிலிண்டரைக் காட்டி, "கேஸ் முடிஞ்சி சேர்" என்று முகத்தைத் தொங்கப்போடுவார்கள். அந்தச் சிலிண்டர் கண்டியைச் சுற்றிக் குண்டசாலை, பல்லேகல எல்லாம் பார்த்தது. ஒரு தடவை வத்தேகம வரைக்கும் போய் ஒரு தாறு வாழைப்பழத்தோடு திரும்பி வந்தது. கேஸ் மட்டும் வரவேயில்லை.

படிக்கிற கம்பஸ் மூடியதால் நான் வீட்டில் இருந்தேன். சும்மா இருக்க எனக்கு வராது. நோய் எப்படிப் பரவுகிறது என்று ஃபோனில் கிடைத்ததையெல்லாம் வாசித்துவிட்டு, தங்கையின் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு பெட்டி வெண்கட்டியை எடுத்துக்கொண்டு லேன் முனையிலிருந்த பலசரக்குக் கடைக்குப் போனேன். கடைக்கு முன்னால் தரையில் வரிசையாக வட்டங்கள் கீறினேன், ஒரு வட்டத்துக்கு ஓர் ஆள் என்று. பின்னேரம் போய்ப் பார்த்தால் முதல் வட்டத்துக்குள் மூன்று பேர் தோளோடு தோள் ஒட்டி நிற்கிறார்கள். நடுவில் நிற்பவர் கடைக்காரரேதான், அண்ணன் முறையில் லேனே நானா என்று கூப்பிடுகிறவர்; முகக்கவசம் தாடையில்.

"என்ன நானா இது?" என்றேன்.

"என்னத்துக்கு மகள் கோபிக்கிறீங்க? வட்டத்துக்கு உள்ளதானே நிக்கிறோம்!" என்றார் கடை நானா.

பக்கத்தில் நின்றவர் விடவில்லை. "வட்டம் சின்னனா ஈக்கு. அடுத்த முற கொஞ்சம் பெருசா கீறுங்க. நாலு பேரு தாராளமா நிக்கேலும்."

மூவரும் சிரித்தார்கள். நான் மிச்ச வெண்கட்டியோடு வீட்டுக்கு வந்து, இந்த ஊர் உருப்படாது என்று உம்மாவிடம் அறிவித்தேன். உம்மா மீன் கழுவிக்கொண்டே, "ஊர் உருப்படும். நீங்க மொதல்ல அந்த சோக்குப் பெட்டிய தங்கச்சிக்கிட்ட குடுங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் வேன் மாமா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தார்.

எங்கள் லேனில் முப்பது வயதுக்குக் கீழே உள்ள யாரைக் கேட்டாலும் அவருடைய பள்ளிக்கூட வேனில் போனவர்களாகத்தான் இருப்பார்கள். வாசலில் வேனை நிறுத்தி, குட்டிக் குட்டியாக இரண்டு ஹோர்ன் அடிப்பார். 'வந்துட்டேன், பதறாம வாங்க' என்று அதற்கு அர்த்தம். ஒரு காலுக்கு மட்டும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஓடிய நாளெல்லாம் எனக்கு உண்டு. மற்றதை நான் தேடி முடிக்கும்வரை நிற்பார், மூன்றாவது ஹோர்ன் அடிக்கமாட்டார். சிறுநீரகம் இரண்டும் பழுதாகி வருஷக்கணக்காய் அலைந்த மனிதர். ஊரடங்குக்குச் சற்று முன்னால், வத்தேகமவில் இருக்கும் அவருடைய தம்பி தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. ஆனால் டொக்டர் ஒரே ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார்: புதுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கக் கொடுக்கிற மருந்து, நோயை எதிர்க்கிற சக்தியையும் அடக்கிவிடும். இந்தத் தொற்று அவருக்கு வந்தால் தப்புவது கஷ்டம். வெளியாள் ஒருவர்கூட வீட்டுக்குள் வரக்கூடாது.

கேட்கச் சின்ன விஷயம். எங்கள் லேனில் அது நடக்கிற காரியமா? நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் ஆட்களுக்குக் கடமை. யாருக்காவது காய்ச்சல் என்றால்கூடப் பின்னேரத்துக்குள் வந்தவர்கள் உட்காரக் கதிரை போதாமல் போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவரைப் பார்க்காமல் விட்டால் அது பகை. பார்க்க வந்தவர்களை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பினால் அதைவிடப் பெரிய பகை.

வேன் மாமாவின் மனைவி, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், மதிலுக்கு மேலால் உம்மாவிடம் அழுதார். "டொக்டர் செல்லிட்டாரு, வரவிட வாணாமாம். வந்த மனிசர்ட மூஞ்சிக்கு எப்டி கதவ சாத்துற? எனக்கு ஏலாது."

எனக்கு ஏலும் என்றேன் நான். அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு, வழக்கமாக ஆட்கள் நோயாளி பார்க்க வரும் நேரத்தில், முகக்கவசம் போட்டு வேன் மாமா வீட்டு கேட்டுக்கு வெளியே காவலுக்கு நின்றேன். வாயில் ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. நுரையீரல், நீர்த்துளி, எல்லாம் அதில் வரும்.

முதலில் வந்தது கடை நானா. இரண்டு கையிலும் தம்பிலி இளநீர்க் குலை. சரி, தொடங்கிவிட்டது என்று தொண்டையைச் செருமினேன். எங்கள் லேன் மலையை வெட்டிப் போட்ட பாதை. ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் மண் சரியாமல் கட்டிய உயரமான கருங்கல் மதில். அவர் கேட்டை நோக்கி வரவில்லை. நேரே அந்த எதிர்மதில் அடிக்குப் போனார். முதுகைக் கல்லில் ஒட்டவைத்துக்கொண்டு, குலைகளைக் கீழே வைத்து, தாடையிலிருந்த முகக்கவசத்தை மூக்குக்கு மேலே இழுத்துவிட்டார். அதை அந்த இடத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"வேன் நானா! ஸலாம்!" என்று மேல்மாடி ஜன்னலைப் பார்த்துக் கத்தினார்.

ஜன்னல் திறந்தது. வேன் மாமா வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது, சட்டை வேறு யாருடையதோ போல. கையை மட்டும் நெஞ்சில் வைத்தார்.

"எப்டி ஈக்கு புது சாமான்?"

"ஓடுது," என்றார் வேன் மாமா. குரல் எங்களுக்கு அரைவாசிதான் கேட்டது.

"மைலேஜ் பாத்து ஓட்டுங்க!" கடை நானா சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "மகள், அந்த சோக்கு மிச்சம் ஈக்கா?"

ஓடிப்போய் எடுத்து வந்தேன். தங்கையிடம் இன்னும் கொடுத்திருக்கவில்லை. அவரே குந்தி உட்கார்ந்து, மதிலடியில், ஜன்னலுக்கு நேர் எதிரே, ஒரு வட்டம் கீறினார். கோணல் வட்டம். ஒருவர் நிற்கத்தான் இடம் இருந்தது.

என் பிரசங்கம் வாயிலேயே இருந்துவிட்டது. அன்றைக்கு மட்டும் எத்தனையோ பேர் வந்தார்கள். அடுத்தவர் வருவது தெரிந்தால் வட்டத்தில் நிற்கிறவர் கதையைச் சுருக்கிக்கொண்டு நகர்ந்தார். காத்திருக்கிறவர்கள் மதிலோரம் தள்ளித் தள்ளி நின்றார்கள். கொண்டுவந்த சாமானை வட்டத்துக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனார்கள். மாமி பிறகு வந்து எடுத்தார். உம்மாவும் சூப்போடு போய் நின்று, குரலை உயர்த்திப் பேசிப் பழக்கமில்லாததால் ஒரு வார்த்தையும் சொல்லாமல், கையை மட்டும் ஏந்தி துஆ கேட்டுவிட்டு வந்தார். ஜன்னலில் வேன் மாமாவும் கை ஏந்தி நின்றார். நான் கேட்டில் சாய்ந்து வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண்டி மழைக்கு வெண்கட்டி நிற்குமா? ஒவ்வொரு மழைக்கும் வட்டம் அழிந்தது. ஒவ்வொரு தடவையும் யாரோ திரும்பக் கீறியிருந்தார்கள். யார் என்று பிடிக்க நான் செய்த முயற்சியெல்லாம் தோற்றது. ஒரு நாள் பெரிய வட்டம், ஒரு நாள் முட்டை, ஒரு நாள் சிறுவர்கள் யாரோ அதற்குக் கண்ணும் மூக்கும்கூட வைத்திருந்தார்கள்.

பிறகு ஊரடங்கைத் தளர்த்தினார்கள். கண்டி டவுனுக்குப் போனேன். பெருநாள் சந்தை மாதிரி இருந்தது! பஸ்ஸில் ஆள்மேல் ஆள். புடவைக் கடைக்குள் போக இடமில்லை. அந்தக் கூட்டத்தின் நடுவில் ஒருவர் முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டு, ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். கிட்டப் போனால் எங்கள் கடை நானா.

"நானா!"

"ஸ்ஸ்... ஒங்கட வாப்பாக்கிட்ட செல்லவாணாம்."

அதே மனிதர் அன்று பின்னேரம் முகம் கழுவி, சட்டை மாற்றி, மூக்குவரை மூடிக்கொண்டு வட்டத்தில் நின்றார். சட்டம் தளர்ந்துவிட்டது, பொலிஸும் இல்லை. யாரும் பார்க்காத அந்த லேனில் ஓர் அடி முன்னே வைத்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஒருவரும் வைக்கவில்லை. முந்தைய என் முடிவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்கு விளங்கவில்லை. சட்டத்தை மதிக்கிற ஆள், மதிக்காத ஆள் என்று நான் இரண்டு பெட்டி வைத்திருந்தேன். கடை நானா ஒரே நாளில் இரண்டிலும் ஏறி இறங்கிவிட்டாரே!

ஹஜ்ஜுப் பெருநாள் வந்தது. கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லாத பெருநாள் எங்களுக்குப் பெருநாளே இல்லை. அன்று காலை வத்தேகமவிலிருந்து வேன் மாமாவின் தம்பி வந்தார். ஒப்பரேஷனுக்குப் பிறகு அண்ணனும் தம்பியும் நேரில் பார்க்கவில்லை. வெள்ளைச் சட்டை, தொப்பி. வயிற்றின் ஒரு பக்கத்தைக் கையால் லேசாகப் பிடித்தபடி ஏற்றத்தில் மெல்ல ஏறி வந்தார். எல்லோரும் வழிவிட்டோம். மாமி அழுதுகொண்டே கேட்டை அகலத் திறந்தார்.

"நீங்க வாங்க தம்பி, ஒங்களுக்கு என்ன தடை! நீங்க வெளியாளா?"

கேட்டின் முன் ஒரு நொடி நின்றார். அவர் உள்ளே போயிருந்தால் லேனில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள், நான்கூட. ஆனால் திரும்பினார். பாதையைக் கடந்து போய், வட்டத்துக்குள் ஏறி நின்று, ஜன்னலை அண்ணாந்து பார்த்தார்.

"என்னத்துக்கு மதினி நான் உள்ள வார? என்ட கிட்னி உள்ளதானே ஈக்கு!"

லேன் முழுக்கச் சிரித்தது. ஜன்னலில் வேன் மாமா சிரித்தார், சிரிக்கும்போது தையல் போட்ட இடம் இழுத்ததோ என்னவோ, வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கீழே தம்பியும் பிடித்துக்கொண்டுதான் நின்றார். இருவரும் ஒரே மாதிரி, ஆளுக்கொரு பக்கம்.

அடுத்த அலை எங்கள் லேனுக்குள்ளேயே வந்தது, கடை நானா வீட்டுக்கு. கேட்டில் தனிமைப்படுத்தல் அறிவித்தல் ஒட்டினார்கள். கடை பூட்டிக் கிடந்தது. அவருக்குக் காய்ச்சல் கடுமை, மூச்சும் இழுக்கிறது என்று கேள்விப்பட்டோம். அவருடைய குரல் இல்லாத லேன் எனக்குப் பழக்கமில்லை. போய்ப் பார்த்தால் கேட்டுக்கு எதிரே மதிலடியில் ஏற்கெனவே வட்டம் கீறியிருந்தது. நானும் நின்றுவிட்டு வந்தேன். ஜன்னல் திறக்கவில்லை.

அன்று பின்னேரம் எங்கள் வீட்டைத் தாண்டி ஒரு வேன் மெல்ல இறங்கிப் போனது. கண்ணாடிகள் எல்லாம் ஏற்றியிருந்தன. உள்ளே வேன் மாமா மட்டும், முகக்கவசத்துக்கு மேல் இன்னொரு முகக்கவசம் போட்டு. தனியாக, கண்ணாடியைத் திறக்காமல் ஓட்டலாம் என்று டொக்டர் அப்போதுதான் விட்டிருந்தார். செருப்பைக்கூடப் போடாமல் பின்னால் ஓடினேன்.

கடை நானா வீட்டுக்கு எதிரே, மதிலை ஒட்டி, வட்டத்தின் மேலேயே வேனை நிறுத்தினார். இறங்கவில்லை. குட்டிக் குட்டியாக இரண்டு ஹோர்ன் அடித்தார்.

ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது ஹோர்ன் அடிக்காமல் அவர் காத்திருந்தார். நெடுநேரம் கழித்து ஜன்னல் ஒரு சாண் திறந்தது. கலைந்த தலை ஒன்று தெரிந்தது, பிறகு ஒரு கை.

வேன் மாமா தன் கையை நெஞ்சில் வைத்தார்.