திரும்பி வரக் காரணம்

கோடு போட்ட தாளில், நீல மையில், பன்னிரண்டு பக்கம். மூலையில் ஒரு குண்டூசி. மதியம் சாப்பிடும் நேரத்தில் அக்கா அதை என் டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்து, "கதை மாதிரி ஒண்ணு எழுதிப் பார்த்தேன். தப்பிருந்தா சொல்லு" என்றார். திருச்சியில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் எனக்கு எதிர் மேஜை அவர். கூடப் பிறக்காத அக்கா.

அப்போதுதான் ஆன்லைனில் ஆறு ஞாயிற்றுக்கிழமை சிறுகதை வகுப்பு முடித்திருந்தேன். கதைமாந்தர், களம், முரண், உச்சம், முடிவு, எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. யார் எதை நீட்டினாலும் குறை சொல்ல வாய் துறுதுறுக்கும். என்ன திமிர் எனக்கு! இப்போது நினைத்தால் கூசுகிறது.

ஒன்பது வருடங்களுக்கு முன் ஒரு காலையில் "போயிட்டு வரேன்" என்று கிளம்பிய அக்காவின் கணவர் வரவே இல்லை. சண்டை கிடையாது, சச்சரவு கிடையாது. வேறு ஊரில் இருப்பதாகப் பேச்சு, அவ்வளவுதான். திருவானைக்காவலில் மழைக்கு ஒழுகும் வாடகை வீட்டை அக்கா விடவில்லை. தன் வீட்டு மாடிக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவருடைய தம்பி ஓய்ந்துபோனார். "நான் வீடு மாறிட்டா, அவர் வந்து எங்கடி தேடுவாரு?" என்பார் என்னிடம்.

கதையும் அதுதான். கடைசிப் பக்கத்தில் கணவன் வந்து கதவைத் தட்டி, "சாப்பாடு இருக்கா?" என்கிறான். அவள் தட்டை எடுத்து வைக்கிறாள். கதை வேறு, எழுதியவர் வேறு என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். நானும் சமர்த்தாகக் கதையை மட்டும் பார்த்தேன்.

"அந்தப் பொம்பள அப்படியே கண்ணு முன்னாடி நிக்கிறாக்கா. முடிவுதான் ஒட்டல. அவன் திரும்பி வர்றதுக்குக் காரணம் கதையில எங்கயுமே இல்லையே."

அக்கா தாள்களை வாங்கி முதல் வரியிலிருந்து தேடினார். பிசைந்த சோறு அப்படியே காய்ந்தது. "ஆமா, இல்லதான்" என்றார். இரண்டு நாளில் வேறு முடிவு வந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. அவள் தனியாகச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்க்கிறாள். "இப்பதான்க்கா இது கதை" என்று கை கொடுத்தேன், பாவி.

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்றப் போயிருந்தேன். வண்டி கிளம்பும்போது பக்கத்து வீட்டம்மா வந்து, "யாராச்சும் தேடி வந்தா சொல்லணும்ல, தம்பி வீட்டு அட்ரஸ் எழுதிக் குடுங்க" என்றார். நான் பேனாவை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்து இறக்கினார். "வேணாம்மா. யாரும் வர மாட்டாங்க."

இப்போதும் எதிர் மேஜையில்தான் இருக்கிறார். எழுதுவதில்லை. அன்று நான் சொன்னது தப்பில்லை என்பதுதான் என்னை அரிக்கிறது. போன வாரம் தாங்க முடியாமல், "காரணமே இல்லாமயும் மனுசங்க வருவாங்கக்கா" என்று சொல்லிப் பார்த்தேன்.

அக்கா டப்பாவை மூடினார்.

"கதையிலகூட வரலையேடி."