செல்வியக்காவின் விரல்

பாதி தெரிந்ததை வைத்துப் பிறருக்குத் துணிவு சொல்ல எனக்கு என்ன உரிமை இருந்தது?

2001-இல், உயிரியலில் பட்டம் பெற்ற புதிதில், ஜெயங்கொண்டம் அருகே முந்திரி உடைக்கும் பெண்களுக்குச் சுகாதார வகுப்பு எடுத்தேன். அங்கே செல்வியக்கா, வீங்கிச் சிவந்த விரலைக் காட்டி, "ஆசுபத்திரிக்குப் போவணுங்களா சார்?" என்றார்.

"வேணாங்க. தோலுக்குள்ளயே காவல் படையா செல்கள் இருக்கு. கிருமியோட அதுங்க சண்டை போடுறதுதான் இந்த வீக்கம்" என்று வகுப்பே கேட்கும்படி விளக்கினேன். அவர் நம்பி வேலைக்குத் திரும்பினார்.

முந்திரி ஓட்டின் எண்ணெய் அந்தத் தோலை ஏற்கெனவே அரித்திருந்ததை நான் பார்க்கவில்லை. நான்கே நாளில் சீழ் பரவி, விரலை எடுத்துவிட்டார்கள்.

பார்க்கப் போனேன். "சார் சொன்ன படைக்குச் சோறு பத்தல போல" என்று அவரே கேலிபேசி என்னைத் தேற்றினார். வெட்கத்தில் தலை நிமிர முடியவில்லை.

இப்போது யாரேனும் காயத்தைக் காட்டினால் விளக்கம் சொல்வதில்லை. மருத்துவமனைக்கு உடன் செல்கிறேன்.