கந்தப்பளையில் மெமரி கோளாறு பார்க்கிறேன்

எங்கள் தொழிலில் நோயாளி வாய் திறக்காது. பக்கத்தில் நிற்கிறவர்கள்தான் கத்துவார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர்கள் தங்கள் வேலையின் பழைய வடிவங்களையெல்லாம் சேமித்து வைக்க ஒரு மென்பொருள் வைத்திருப்பார்கள். அப்படியொரு மென்பொருளில் வரும் மெமரி கோளாறுகளைக் கண்டுபிடிப்பது என் வேலை. கம்பெனி கொழும்பில், நான் கந்தப்பளைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில். இதே வேலையில் தலையைப் பிய்த்துக்கொள்ளும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு விளக்கம் வேண்டாம். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நானாவுக்கு வந்த சந்தேகம்

கொழுந்தெடுக்கும் இடத்தில் அம்மா பெருமையாகச் சொல்லியிருக்கிறார், "எங்க மக மெமரி கோளாறு பாக்குறா" என்று. செய்தி டவுன் வரைக்கும் போய்விட்டது. சீனி வாங்கப் போனபோது கடைக்கார முஸ்லிம் அண்ணன், எங்களுக்கெல்லாம் நானா, குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "புள்ள, எனக்கு ஆக்கள்ட பேரெல்லாம் மறக்குது. மருந்து ஈக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "நான் பாக்குறது கம்ப்யூட்டருக்கு நானா. அதோட வியாதி மறதி இல்ல. வேலைக்குன்னு மெமரிய வாங்கும், வேலை முடிஞ்சாலும் விடாது. தேவையில்லாததையெல்லாம் புடிச்சு வச்சுக்கிட்டே இருக்கும்" என்றேன்.

நானா யோசித்துவிட்டுச் சொன்னார்: "அப்ப அது எனக்கில்ல புள்ள, என்ட மச்சானுக்கு. எங்கட கலியாணத்துல புரியாணி பத்தலண்டு இன்னும் சொல்லிட்டு ஈக்காரு."

இணையாத இரண்டு கிளைகள்

கொழும்பிலிருந்து தில்ருக்ஷி என்ற வாடிக்கையாளர் கூப்பிட்டார். அவருடைய குழு இரண்டாகப் பிரிந்து வேலை செய்து, அந்த இரண்டு பிரதிகளையும், நாங்கள் கிளைகள் என்போம், ஒன்றாக இணைக்கப் பார்த்திருக்கிறது. இணைக்கும்போதெல்லாம் எங்கள் மென்பொருள் பாதியில் செத்துப்போனது. மறுநாள் வேலையை ஒப்படைக்க வேண்டும். "எல்லாம் போயிருச்சா?" என்று அழாக்குறையாகக் கேட்டார்.

இங்கே மழை, கரண்டும் இல்லை. லயத்துக்குள் சிக்னல் நிற்காது. கோயில் படியில் குடைக்கடியில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். அவர் அனுப்பியதை மெமரியைக் கண்காணிக்கும் கருவியோடு ஓட்டிப் பார்த்ததும் இடம் பிடிபட்டது. ஒரு கிளையில் பெயர் மாற்றிய கோப்பை இன்னொரு கிளையில் அழித்திருக்கிறார்கள். "இந்தக் கோப்பில் சிக்கல், கவனம்" என்று சொல்ல வேண்டிய மென்பொருள், கோப்பின் பெயர் இருந்த மெமரியை முதலில் திருப்பிக் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தப் பெயரைத் தேடியிருக்கிறது. திருப்பிக் கொடுக்கும் அந்த ஒரு வரியைக் கீழே இறக்கினேன், கிளைகள் இணைந்தன. எதுவுமே தொலையவில்லை.

காரணத்தைச் சொன்னதும் தில்ருக்ஷி அழுகையும் சிரிப்புமாகச் சிங்களத்தில் சொன்னார்: "எச்சரிக்கை சொல்லப் போய்த்தான் செத்துச்சா? ஐயோ பாவம்!"

பூண்டுலோயாவில் ஒரு பிளேன்டீ

பூண்டுலோயாவில் சின்ன அலுவலகம் நடத்தும் ராஜேந்திரன் சார், ஒரு கிழமையாக, ஏழு நாளும், எங்களை ஏசிக்கொண்டிருந்தார். கோப்புகள் கெட்டுவிட்டதாக அவருடைய கம்ப்யூட்டரில் எங்கள் மென்பொருள் அடிக்கடி சொன்னது. நான் கடைசியாகத் திருத்திய பகுதியால்தான் என்று மேலதிகாரிக்குச் சந்தேகம். எனக்கும் உள்ளுக்குள் அதே பயம். என் வரிகளைத் திரும்பத் திரும்பப் படித்தும் ஒன்றும் அகப்படாமல், பஸ் ஏறிவிட்டேன்.

கோப்புகளைச் சரிபார்க்க மென்பொருளை ஓட்டினேன். ஒரு கோப்பு கெட்டது என்றது. மறுபடி ஓட்டினால் அது நல்லது, வேறொன்று கெட்டது என்றது. இன்னொரு தடவை ஓட்டினால் எல்லாமே நல்லது! கோப்பை யாரும் தொடவில்லை, பதில் மட்டும் மாறுகிறது. அப்படியென்றால் கோப்பை வாங்கிப் படிக்கும் மெமரியே கெட்டிருக்க வேண்டும். உடனே கம்ப்யூட்டரைத் திறந்து, மெமரித் துண்டுகளில் ஒன்றைக் கழற்றினேன். அதற்கப்புறம் எத்தனை முறை ஓட்டினாலும் சுத்தம். கோளாறு என் எழுத்தில் இல்லை, அந்தத் துண்டில்.

ராஜேந்திரன் சார் துண்டை வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப ஒரு கிழமையா உங்கள ஏசுனதெல்லாம் இதுக்குச் சேர வேண்டியதாம்மா? இருங்க, பிளேன்டீ குடிச்சிட்டுப் போங்க."

இந்தத் தொழிலில் நன்றி சொல்ல யாரும் கூப்பிட மாட்டார்கள் என்பதால், ஃபோன் அடிக்காத நாளையெல்லாம் நன்றியாகவே எடுத்துக்கொண்டு சந்தோஷமாக இருக்கப் பழகிவிட்டேன்.